கிராண்ட் ஜூரி சப்பீனா வந்தால்: பேசுவதா, மறுப்பதா, எதிர்ப்பதா, முதலிலேயே பேசி முடிப்பதா?

போன மாதம் நியூஜெர்சியிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். மருத்துவமனை பில்களை இன்சூரன்சுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் வேலை, எச்-1பி விசா. காலை ஏழு மணிக்கு இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் வாசலில் நின்று ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட தேதியில் கிராண்ட் ஜூரி முன் வந்து சாட்சி சொல்ல வேண்டும், சில ஆவணங்களையும் கொண்டுவர வேண்டும் என்று அதில் இருந்தது. இந்தக் கட்டாய அழைப்பாணையைத்தான் சப்பீனா என்பார்கள். கொடுத்துவிட்டு, "ஒரு ஐந்து நிமிடம் பேசலாமா?" என்றும் கேட்டிருக்கிறார்கள். அவன் பயந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டான். அது நல்லதாகப் போயிற்று.

"அண்ணா, நான் ஒண்ணும் தப்பு பண்ணலையே. போய் உள்ளதைச் சொல்லிட்டு வந்துட்டா முடிஞ்சிடும் இல்ல?" என்றான்.

நம் ஆட்கள் பலர் என்னிடம் இதையேதான் கேட்டிருக்கிறார்கள். நான் வழக்கறிஞன் இல்லை. ஆனால் இந்த விஷயத்தைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன், ஒரு வழக்கறிஞரின் அறைக்குப் போகும் முன் எதையெல்லாம் யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல முடியும். இங்கே பேசப்போவது அமெரிக்கக் கூட்டாட்சி கிராண்ட் ஜூரியைப் பற்றி. மாநிலங்களில் விதிகள் மாறும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

## அந்த அறை யாருடையது?

தீர்ப்பு சொல்லும் ஜூரி வேறு, கிராண்ட் ஜூரி வேறு. ஒருவர் மேல் வழக்குப் போட முகாந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கிராண்ட் ஜூரியின் வேலை. 16 முதல் 23 பொதுமக்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் 12 பேர் சம்மதித்தால் குற்றச்சாட்டு உறுதியாகும். அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாம் திருத்தம், கடுமையான குற்றத்துக்காக ஒருவரை அரசு விசாரணைக்கு நிறுத்தும் முன் இப்படி ஒரு பொதுமக்கள் குழு சம்மதிக்க வேண்டும் என்கிறது. அதிகாரம் கையில் இருப்பவர்கள் நினைத்தவர் மேலெல்லாம் வழக்குப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக வந்த தடுப்பு அது.

நடைமுறை வேறு மாதிரி. அந்த அறையில் நீதிபதி இருக்க மாட்டார். உங்கள் வழக்கறிஞருக்கும் உள்ளே இடமில்லை. ஜூரி உறுப்பினர்கள், பிராசிக்யூட்டர் (வழக்கை நடத்தும் அரசு வழக்கறிஞர்), பதிவு செய்பவர், சாட்சி, தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளர். அவ்வளவுதான். எந்தச் சாட்சியைக் கூப்பிடுவது, எந்த ஆவணத்தைக் காட்டுவது, எந்தக் கேள்வியை முதலில் கேட்பது எல்லாம் பிராசிக்யூட்டரின் முடிவு. சப்பீனா கிராண்ட் ஜூரியின் பெயரில் வரும், ஆனால் அதை நிரப்பி அனுப்புவது அவருடைய அலுவலகம். காதில் விழுந்த செய்தியை மட்டும் வைத்துக்கூட வழக்குப் போடலாம் என்று 1956-இல் காஸ்டெல்லோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சந்தேக நபருக்குச் சாதகமான ஆதாரத்தை ஜூரிக்குக் காட்டியே ஆக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் பிராசிக்யூட்டருக்குக் கிடையாது என்று 1992-இல் வில்லியம்ஸ் வழக்கில் சொன்னது. (பிராசிக்யூட்டர்கள் வேலை செய்யும் அரசு நீதித்துறையின் உள்விதி காட்டச் சொல்கிறது. அதை மீறினாலும் வழக்கு தள்ளுபடி ஆகாது.)

2010 நிதியாண்டில் கூட்டாட்சிப் பிராசிக்யூட்டர்கள் கையாண்ட சுமார் 1,62,000 வழக்குகளில், கிராண்ட் ஜூரி மறுத்ததாகப் பதிவானவை 11.

அப்படியானால் ஜூரி வெறும் பொம்மையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. "முடியாது" என்று சொல்லும் சக்தி அவர்களிடம் இன்னும் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் வாஷிங்டனில் ஒரு கூட்டாட்சி அதிகாரி மேல் சாண்ட்விச் எறிந்தவரைப் பெரிய குற்றத்தில் மாட்டப் பார்த்தபோது ஜூரி மறுத்துவிட்டது. ஆனால் "வழக்குப் போடு" என்று அரசைக் கட்டாயப்படுத்த அவர்களால் முடியாது. கொலராடோவில் ராக்கி ஃபிளாட்ஸ் அணு ஆயுத ஆலையின் கழிவு விவகாரத்தை 1989 முதல் இரண்டரை வருடம் ஒரு சிறப்பு கிராண்ட் ஜூரி விசாரித்தது. தனிமனிதர்கள் மேலும் வழக்குப் போட வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். பிராசிக்யூட்டரோ ஆலையை நடத்திய கம்பெனியோடு 1.85 கோடி டாலர் அபராதத்துக்குச் சமரசம் பேசி முடித்துவிட்டார். அரசு வழக்கறிஞரின் கையெழுத்து இல்லாமல் குற்றச்சாட்டு செல்லாது, அதனால் ஜூரியால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நீதிபதியின் இடம் வெளியே. ஜூரியை அமர்த்துவது, சப்பீனாவைப் பற்றிய தகராறைத் தீர்ப்பது, பேச மறுப்பவரைச் சிறையில் வைப்பது எல்லாம் அவரிடம். ஆனால் யாராவது கதவைத் தட்டினால்தான் அவர் வருவார்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "நம்ம பக்கத்தைச் சொன்னா புரிஞ்சுப்பாங்க" என்ற நம்பிக்கையோடு நம்மவர்கள் அந்த அறைக்குள் போகிறார்கள். அது உங்கள் பக்கத்தைக் கேட்பதற்காக அமைந்த அறை இல்லை. தாள் கைக்கு வந்த நாளுக்கும் ஆஜராகும் நாளுக்கும் நடுவில் இருக்கும் சில வாரங்கள்தான் உங்கள் கையில் இருக்கின்றன.

## எதை வைத்து முடிவு செய்வது?

முதல் கேள்வி, அவர்கள் கண்ணில் நீங்கள் யார் என்பது. நீதித்துறை மூன்று சொற்களைப் பயன்படுத்துகிறது. 'டார்கெட்' என்றால் வழக்கு உங்களை நோக்கித்தான் வருகிறது. 'சப்ஜெக்ட்' என்றால் உங்கள் நடத்தை விசாரணை வட்டத்துக்குள் இருக்கிறது. 'விட்னஸ்' என்றால் தகவல் மட்டும் தெரிந்தவர். உங்கள் வழக்கறிஞர் போன் போட்டுக் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் இது நிரந்தரப் பட்டம் இல்லை, இன்றைய விட்னஸ் அடுத்த மாதம் சப்ஜெக்ட் ஆகலாம்.

அடுத்தது, உங்கள் வாயிலிருந்து வரும் ஏதாவது ஒரு பதில் உங்களுக்கே சங்கிலியில் ஒரு கண்ணியாக ஆகுமா என்பது. இதை நீங்களாக எடை போடாதீர்கள். பில்லிங் மென்பொருளில் ஒரு குறியீட்டை (கோட்) மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன் என்பது உங்களுக்கு அன்றாட வேலை. சட்டத்துக்கு அது வேறாகத் தெரியலாம்.

மூன்றாவது, விசா. பொய்ச்சாட்சிக்கோ நீதியைத் தடுத்ததற்கோ ஒரு வருடமோ அதற்கு மேலோ தண்டனை கிடைத்தால், குடியேற்றச் சட்டத்தில் அது 'மோசமான பெருங்குற்றம்' என்ற பட்டியலில் வரும். கிரீன் கார்டு வைத்திருப்பவரையும் நாடு கடத்தப் போதுமானது அது. குடியுரிமை உள்ளவருக்குச் சிறையோடு போகும் தவறு, நமக்கு வீடு, பிள்ளைகளின் பள்ளி எல்லாவற்றையும் இழக்கும் தவறாக ஆகிவிடலாம்.

அப்புறம் பணம், வேலை, நேரம். சாட்சிக்கு அரசு தருவது நாளொன்றுக்கு 40 டாலரும் பயணச் செலவும். வழக்கறிஞரின் ஒரு மணி நேரக் கட்டணம் அதைப்போல் பல மடங்கு.

## வழி 1: போய் எல்லாவற்றையும் சொல்வது

சம்பவத்துக்கும் உங்களுக்கும் உண்மையிலேயே தொடர்பு இல்லையென்றால் இதுதான் நேரான வழி. நீங்கள் வங்கிக் கிளையில் ஆவணங்களைப் பராமரிப்பவர், யாரோ ஒரு வாடிக்கையாளரின் கணக்கைப் பற்றிக் கேட்கிறார்கள். அரை நாளில் வேலை முடிந்துவிடும். சண்டை போடக் காரணமே இல்லை.

இதில் மறைந்திருக்கும் விலை பொய்ச்சாட்சி. நீங்கள் பொய் சொல்லப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் சத்தியம் செய்த பிறகு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு மின்னஞ்சலைப் பற்றி "நான் பார்க்கவே இல்லை" என்று சட்டென்று வாயில் வந்துவிடும். பார்த்ததற்கான பதிவு அவர்கள் கையில் இருக்கும். தெரிந்தே பொய் சொன்னதாக நிரூபித்தால் ஐந்து வருடம் வரை சிறை. அதே விசாரணை முடிவதற்குள், பொய் வெளியாகும் முன் தானாகத் திருத்திக்கொண்டால் தப்ப ஒரு குறுகிய வழி இருக்கிறது. அதை நம்பி யாரும் உள்ளே போகக் கூடாது.

துணை அதிபர் டிக் செனியின் உதவியாளராக இருந்த ஸ்கூட்டர் லிபியை நினைத்துப் பாருங்கள். ஒரு சி.ஐ.ஏ. அதிகாரியின் பெயர் வெளியே கசிந்த விவகாரம் அது. பெயரைக் கசியவிட்டதற்காக யார் மேலும் வழக்கு வரவில்லை. ஆனால் கிராண்ட் ஜூரி முன்னும் எஃப்.பி.ஐ.யிடமும் பொய் சொன்னார் என்று லிபிக்கு 2007-இல் 30 மாதச் சிறைத்தண்டனை விதித்தார்கள். பிறகு அதிபர் புஷ் சிறைவாசத்தை ரத்து செய்தார், 2018-இல் அதிபர் டிரம்ப் மன்னிப்பு கொடுத்தார். நமக்கு அப்படி யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

இன்னொரு விஷயம், இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பொய்ச்சாட்சி முழுக்க முழுக்கச் சொற்களைப் பற்றியது. பத்து வருடம் இங்கே இருந்தவர்கள்கூட, "டிட் யூ நாட் ஆத்தரைஸ் இட்?" என்று எதிர்மறையில் கேட்டால் தமிழ் வழக்கில் "எஸ்" என்று சொல்லிவிடுவார்கள். ஆமாம், செய்யவில்லை என்பது நாம் நினைத்தது. செய்தேன் என்று பதிவாகும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. மொழிபெயர்ப்பாளர் உள்ளே இருக்க விதியே அனுமதிக்கிறது, அவரும் ரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர்.

வழக்கறிஞர் உள்ளே வர முடியாது, ஆனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கலாம். "என் வழக்கறிஞரிடம் பேசிவிட்டு வருகிறேன்" என்று நீங்கள் எழுந்து வெளியே போகலாம். தயங்காமல் போங்கள்.

## வழி 2: ஐந்தாம் திருத்தத்தைச் சொல்லி மறுப்பது

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டாம் என்ற உரிமை இது. குடியுரிமை இல்லாதவருக்கும் உண்டு. "மறுத்தால் தப்பு பண்ணியவன் என்று நினைப்பார்களே" என்பதுதான் நம் வீடுகளில் முதலில் வரும் பயம். எந்தக் குற்றமும் செய்யவில்லை என்று சொல்லும் ஒருவருக்கும் இந்த உரிமை உண்டு என்று 2001-இல் ஓஹையோ எதிர் ரெய்னர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நிரபராதியும் சூழ்நிலையின் வலையில் மாட்டலாம், அவர்களுக்காகவும்தான் இந்தப் பாதுகாப்பு.

நீங்கள் டார்கெட் என்றால், அல்லது சப்ஜெக்டாக இருந்து எதிர்க்காற்று வீசுவது தெரிந்தால், என் மனதில் இதுதான் முதலில் நிற்கும் வழி. பெரும்பாலும் உள்ளே போய் அவமானப்படவும் வேண்டியதில்லை. டார்கெட்டும் அவர் வழக்கறிஞரும் கையெழுத்திட்டு, கேட்டால் இந்த உரிமையைத்தான் சொல்வோம் என்று முன்பே எழுதிக் கொடுத்தால், பொதுவாக ஆஜராவதிலிருந்து விட்டுவிடுவார்கள்.

மறைந்திருக்கும் விலைகள் இங்கே நிறைய. பாதி சொல்லிவிட்டு மீதியை மறுக்க முடியாது. தன்னைச் சிக்க வைக்கும் செய்தியை ஒருமுறை ஒப்புக்கொண்டால், அதன் விவரங்களை மறுக்கும் உரிமை போய்விடும் என்பது 1951-இலிருந்து சட்டம். இரண்டாவது, கம்பெனி ஆவணங்களுக்கு இந்த உரிமை பொருந்தாது. உங்கள் பொறுப்பில் இருக்கும் கம்பெனிக் கோப்புகளை, அவை உங்களையே காட்டிக்கொடுத்தாலும், கொடுத்துத்தான் ஆக வேண்டும். மூன்றாவது, பின்னால் யாராவது உங்கள் மேல் சிவில் வழக்குப் போட்டால், அங்கே இந்த மௌனத்தை உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது நம்மில் பலருக்குத் தெரியாதது. அமெரிக்காவில் ஆபத்து இல்லை, ஆனால் பதில் சொன்னால் இந்தியாவில் வருமான வரி வழக்கில் மாட்டுவேன் என்பது காரணமாகச் செல்லாது. வெளிநாட்டு வழக்கு பற்றிய பயத்துக்கு ஐந்தாம் திருத்தம் உதவாது என்று 1998-இல் பால்சிஸ் வழக்கில் முடிவாகிவிட்டது. ஊரில் சொத்தும் கணக்கும் வைத்திருப்பவர்கள் இதை வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

## வழி 3: சப்பீனாவையே நீதிமன்றத்தில் எதிர்ப்பது

நியாயமற்றது, தாங்க முடியாத சுமை, அல்லது சட்டம் காக்கும் ரகசியத்தைக் கேட்கிறது என்று சொல்லி, ரத்து செய்ய மனுப் போடலாம். பெரும்பாலும் தோற்கும். கேட்ட ஆவணம் விசாரணைக்குப் பயன்பட வாய்ப்பே இல்லை என்று நீங்கள்தான் காட்ட வேண்டும், என்ன விசாரணை என்பதே உங்களுக்குச் சரியாகத் தெரியாதபோது. தோற்றால் உடனே அப்பீலும் பொதுவாகக் கிடையாது. உத்தரவை மீறி, நீதிமன்ற அவமதிப்பை வாங்கிக்கொண்ட பிறகுதான் மேலே போக முடியும்.

இந்த வழி சரியாக வருவது உறவுகளின் விஷயத்தில். கணவனுக்கு எதிராக மனைவியை, மனைவிக்கு எதிராகக் கணவனைக் கூப்பிட்டால், சாட்சி சொல்ல வேண்டியவர் மறுக்கலாம். வழக்கறிஞரோடு பேசியதும் பாதுகாக்கப்பட்டது. ஆனால் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் கூட்டாட்சிச் சட்டத்தில் அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை. 1998-இல், அதிபர் கிளிண்டனோடு இருந்த உறவு பற்றிய விசாரணையில், மோனிகா லெவின்ஸ்கியின் தாயையே மகளைப் பற்றிச் சொல்ல கிராண்ட் ஜூரி முன் உட்கார வைத்தார்கள். அண்ணன், தம்பி, மாமா, மச்சான் யாருக்கும் விலக்கு இல்லை.

ஆவணங்கள் அதிகம் என்பதுதான் பிரச்சினை என்றால் மனு வேண்டாம். ஐந்து வருட மின்னஞ்சலை ஆறு மாதமாகக் குறைக்க, வழக்கறிஞர் ஒரு போனில் பேசி முடிப்பது சாதாரணமாக நடக்கிறது.

சரி, எதையும் கேட்காமல் பேசவே மாட்டேன் என்று நின்றால்? ஜூரியின் காலம் முடியும் வரை, அதிகபட்சம் 18 மாதம் சிறையில் வைக்கலாம். இது தண்டனை இல்லை, பேச வைக்கும் நெருக்கடி. ராணுவ ரகசியங்களை விக்கிலீக்ஸுக்குக் கொடுத்த செல்சீ மேனிங் 2019 மார்ச்சில் மறுத்து உள்ளே போனார். மே மாதம் அந்த ஜூரியின் காலம் முடிந்து வெளியே வந்தவரை, ஒரு வாரத்துக்குள் புது ஜூரி கூப்பிட்டது, மறுபடியும் சிறை. 2020 மார்ச்சில் விடுதலையானபோது 2,56,000 டாலர் அபராதம் சேர்ந்திருந்தது. அவருக்கு அது கொள்கை, அந்த உறுதியை நான் மதிக்கிறேன். கம்பெனி முதலாளிக்காக இதைச் செய்ய யாரும் உங்களைக் கேட்கக் கூடாது.

## வழி 4: முன்கூட்டியே பேசி, இம்யூனிட்டி வாங்கிப் பிறகு சொல்வது

உங்களிடம் அவர்களுக்குத் தேவையான தகவல் இருக்கிறது, ஆனால் சொன்னால் உங்களுக்கும் கொஞ்சம் சூடு படும். இந்த நடு நிலைமையில் இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. இம்யூனிட்டி என்றால், நீங்கள் சொன்னதற்காக உங்கள் மேல் வழக்கு வராமல் கிடைக்கும் பாதுகாப்பு. இதில் மூன்று படிகள் இருக்கின்றன, மூன்றும் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

முதலாவது 'ப்ராஃபர்'. பிராசிக்யூட்டரின் அலுவலகத்தில் உட்கார்ந்து என்ன தெரியும் என்று சொல்வது. சொன்னதை நேரடியாக உங்களுக்கு எதிராக வைக்க மாட்டோம் என்று எழுதித் தருவார்கள். ஆனால் அதிலிருந்து கிடைக்கும் துப்பை வைத்துத் தேடலாம், பின்னால் நீங்கள் மாற்றிப் பேசினால் அதை எடுத்துக் காட்டலாம். அங்கே சொல்லும் பொய்யும் தனிக் குற்றம்.

இரண்டாவது கடித இம்யூனிட்டி. இது ஓர் ஒப்பந்தம் மட்டும். பொதுவாக, எழுதிக் கொடுத்த அலுவலகத்தைத்தான் அது கட்டுப்படுத்தும். அடுத்த மாவட்ட அலுவலகமோ மாநில அரசோ கட்டுப்பட வேண்டியதில்லை.

மூன்றாவது நீதிபதியின் உத்தரவோடு வரும் சட்டப்படியான இம்யூனிட்டி. உங்கள் சாட்சியத்தையும் அதிலிருந்து கிளைத்த எதையும் உங்களுக்கு எதிராக யாரும் பயன்படுத்த முடியாது, மாநிலங்கள் உட்பட. 1972-இல் கேஸ்டிகர் வழக்கு இதை உறுதி செய்தது. ஆனால் இது வந்த பிறகு ஐந்தாம் திருத்தம் போய்விடும், பேசியே ஆக வேண்டும். சுதந்திரமாக வேறு வழியில் கிடைத்த ஆதாரத்தை வைத்து உங்கள் மேல் வழக்குப் போடவும் தடை இல்லை. பொய் சொன்னால் எந்த இம்யூனிட்டியும் காக்காது.

சொல்லப்படாத விலை இன்னொன்று: கூடவே வேலை பார்த்தவர்களுக்கு எதிராகப் பேச வேண்டிவரும். ஒரே கோயிலுக்கு, ஒரே தமிழ்ச் சங்கத்துக்குப் போகும் ஊரில் அதன் பாரம் பெரியது. அதை வீட்டில் மனைவியோடு, கணவரோடு முதலிலேயே பேசிவிடுங்கள். கூட்டாட்சி விதியின்படி சாட்சிக்கு ரகசியக் கட்டுப்பாடு கிடையாது, உள்ளே என்ன கேட்டார்கள் என்பதை நீங்கள் வெளியே சொல்லலாம். விசாரணையில் இருக்கும் மற்றவர்களிடம் மட்டும் அதைப் பேசப் போகாதீர்கள். சாட்சியைக் கலைத்ததாக ஆகிவிடும்.

## எந்த வழியானாலும் முதல் இரண்டு நாள்

ஒரு ஃபைலையும் அழிக்காதீர்கள், வாட்ஸ்அப் அரட்டை உட்பட. விசாரணையைத் தடுக்க ஆவணத்தை அழித்தால் 20 வருடம் வரை சிறை. எந்தத் தவறும் செய்யாத பலர், பயத்தில் போனைத் துடைத்துவிட்டு உண்மையான குற்றவாளி ஆகிறார்கள்.

வாசலில் வரும் அதிகாரியிடம் மரியாதையாக, "என் வழக்கறிஞர் உங்களைக் கூப்பிடுவார்" என்று மட்டும் சொல்லுங்கள். சப்பீனா ஆஜராகச் சொல்கிறது, வாசலில் நின்று பேசச் சொல்லவில்லை.

கம்பெனி வழக்கறிஞர் உங்கள் வழக்கறிஞர் இல்லை. அன்பாகப் பேசுவார், காபி வாங்கிக் கொடுப்பார். நீங்கள் சொல்வதை நாளை கம்பெனி நினைத்தால் அரசிடம் கொடுக்கலாம். கம்பெனியே உங்களுக்குத் தனி வழக்கறிஞர் வைத்துப் பணம் தருவதாகச் சொன்னால் அது வேறு. அப்போதும் அவரிடம் கேளுங்கள்: "நானும் கம்பெனியும் எதிரெதிர் பக்கம் போனால் நீங்கள் யார் பக்கம்?" வசதி இருந்தால், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரையும் ஒரு மணி நேரமாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாநில சப்பீனா என்றால் கணக்கு மாறும். ஐந்தாம் திருத்தத்தின் கிராண்ட் ஜூரி பகுதி மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1884-இலேயே முடிவானது. டெக்சஸில் ஜூரி 12 பேர், 9 பேர் சம்மதித்தால் போதும். நியூயார்க்கில் சாட்சி சொல்பவருக்கு, எழுதிக் கொடுத்து விட்டுக்கொடுக்காதவரை, இம்யூனிட்டி தானாகவே வந்துவிடும். அதனால் கூட்டாட்சியில் ஆபத்தான முதல் வழி அங்கே பல நேரம் பாதுகாப்பான வழி. குற்றம் சாட்டப்படுபவரே வந்து ஜூரியிடம் தன் பக்கத்தைச் சொல்லும் உரிமையும் நியூயார்க்கில் உண்டு. அதற்கு இம்யூனிட்டியை விட்டுக்கொடுக்க வேண்டும், அப்போது வழக்கறிஞர் உள்ளேயே பக்கத்தில் உட்காரலாம். பெரும்பாலான வழக்கறிஞர்கள் அதையும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், சொன்னது ஒவ்வொன்றும் பிறகு விசாரணையில் திரும்பி வரும் என்பதால்.

தம்பி விஷயத்தில், அவன் தனியாக ஒரு வழக்கறிஞரைப் பிடித்தான். அவர் போன் செய்து கேட்டதில், இப்போதைக்கு விட்னஸ் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் குறியீட்டை மாற்றச் சொன்ன இரண்டு மின்னஞ்சல்களை அவர் படித்துப் பார்த்துவிட்டு, நேராக உள்ளே போக வேண்டாம், முதலில் இம்யூனிட்டிக் கடிதம் கேட்போம் என்றிருக்கிறார். தேதியை மூன்று வாரம் தள்ளி வாங்கியாயிற்று. தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கும் எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.